பக்கத்து மனையில் அபார்ட்மெண்ட் வருகிறதா? மரத்தையும் மண்ணையும் காக்க என்னென்ன செய்யலாம்

சென்னையில் ஒரு கிரவுண்டு, இரண்டு கிரவுண்டில் நின்ற பழைய தனி வீடுகள் ஒவ்வொன்றாக விலைபோகின்றன. வீட்டைச் சுற்றி ஒரு வேம்பு, இரண்டு தென்னை, ஒரு மா, பின்பக்கம் ஒரு முருங்கை. பில்டரோடு ஒப்பந்தம் போட்டதும் முதல் வாரத்தில் மரம் போகும், அடுத்த வாரம் வீடு போகும். ஒன்றரை, இரண்டு வருடத்தில் கீழே கார் நிறுத்தம், மேலே நாலைந்து மாடி. சுற்றியுள்ள தரை முழுக்க டைல்ஸோ சிமென்ட்டோ போட்டு மூடியிருக்கும். கோவை, மதுரை, திருச்சியிலும் இதே கதைதான்.

பக்கத்து வீட்டுக்காரராக உங்களுக்கு இதில் உரிமை குறைவு. நிலம் அவருடையது, கட்டவும் அவருக்கு அனுமதி உண்டு. ஆனாலும் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. பெரும்பாலும் மரம் விழுவது வரைபடத்தில்தான், ரம்பம் வருவது அதற்கு வெகு நாள் கழித்து. அதனால் வரைபடம் முடிவாகும் முன்பே பேசப் போகிறவருக்குத்தான் ஏதாவது கிடைக்கிறது. இன்னொன்று, மரத்தைக் காப்பாற்ற முடியாமல் போனாலும் மண்ணைக் காப்பாற்ற முடியும். இந்த இரண்டாவதை முக்கால்வாசிப் பேர் கேட்பதே இல்லை.

1. எப்போது தெரியும்?

வீடு காலியாவது முதல் அறிகுறி. அப்புறம் சர்வேயர் வந்து எல்லைக் கல் பார்ப்பார். பின்னாலேயே முக்காலி மாதிரி ஒரு கம்பி அமைப்போடு நாலு பேர் வந்து இரண்டு மூன்று இடத்தில் துளை போட்டு மண் எடுப்பார்கள். அது மண் பரிசோதனை. அஸ்திவாரம் எப்படிப் போடுவது என்று முடிவெடுக்க எடுக்கிறார்கள் என்பதால், கட்டட வரைபடம் இன்னும் மேசையில்தான் இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். நீங்கள் பேச வேண்டிய நேரம் இதுதான். ஜேசிபி வந்து நின்ற பிறகு பேசினால் அது சண்டையாகத்தான் முடியும்.

இன்னொரு அறிகுறியையும் கவனியுங்கள். நன்றாக இருந்த மரம் திடீரென்று ஒரு பக்கமாக இலை உதிர்த்தால் அடிமரத்தைப் போய்ப் பாருங்கள். பட்டையை வளையமாக உரித்திருக்கிறார்களா, துளை போட்டு மண்ணால் அடைத்திருக்கிறார்களா, வேர்ப்பக்கம் ஆசிட் வாடை வருகிறதா? துளைக்குள் பெருங்காயம் வைத்தால் மரம் பட்டுப்போகும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. பெருங்காயம் கொல்கிறதோ இல்லையோ, துளை போட்டவரின் எண்ணம் தெரிந்துவிடும். பட்டுப்போன மரத்தை வெட்ட யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்பதற்காகச் செய்கிற வேலை இது. பார்த்த அன்றே தேதியோடு படம் எடுத்து வைத்துவிடுங்கள்.

2. மரங்களைப் பதிவு செய்யுங்கள்

புகார் எழுதும்போது "நிறைய மரங்கள் இருந்தன" என்று எழுதினால் எந்த அதிகாரியும் அசைய மாட்டார். மரம் மரமாகக் கணக்கு வேண்டும்.

உங்கள் மொட்டை மாடியில் நின்று, தெருவில் நின்று, எந்தப் பக்கமிருந்து தெரிகிறதோ அங்கிருந்தெல்லாம் படம் எடுங்கள். போனில் இருப்பிடப் பதிவை ஆன் செய்துவிட்டு எடுங்கள். அடுத்த மனைக்குள் அனுமதி இல்லாமல் நுழைய வேண்டாம். அது உங்களுக்கு எதிராகவே திரும்பும். ஒரு நோட்டில் மரத்தின் பெயர், எங்கே நிற்கிறது (வடகிழக்கு மூலை, முன் கேட்டுக்கு இடதுபுறம் என்பது போல), உத்தேச உயரம், தண்டின் சுற்றளவு என்று குறியுங்கள். சுற்றளவை தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் அளப்பதுதான் வனத்துறை வழக்கம். தெரு மரத்துக்கு டேப் வைத்தே அளக்கலாம். உள்ளே நிற்கும் மரத்துக்கு ஓனரிடம் கேட்டு அளக்கலாம், இல்லையென்றால் உத்தேசம் போதும்.

கூடுகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். பட்டியலிடப்பட்ட பறவைகளின் முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டையாடுதல் என்பதற்குள்ளேயே வருகின்றன. குஞ்சு இருக்கும் கூட்டைக் காட்டி, பறந்து போகும்வரை சில வாரம் தள்ளிப்போடச் சொன்னால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். சில வாரம் கிடைத்தால் அதுவே பேச்சுவார்த்தைக்கு நேரம்.

3. மரம் யாருடைய நிலத்தில் நிற்கிறது?

உங்கள் கையில் இருக்கும் பலம் என்ன என்பதை இந்த ஒரு கேள்விதான் முடிவு செய்யும்.

தெருவோரத்தில், நடைபாதையில் நிற்கும் மரம் உள்ளாட்சியுடையது. அதை வெட்ட பில்டருக்கு உரிமை இல்லை. 2021இல் தமிழக அரசு மாநிலப் பசுமைக் குழு ஒன்றையும் மாவட்டந்தோறும் பசுமைக் குழுக்களையும் அமைத்தது. மாவட்டக் குழுவுக்கு ஆட்சியர் தலைவர். பொது இடத்து மரத்தை அகற்றக் கோரும் விண்ணப்பம் அந்தக் குழுவுக்குப் போக வேண்டும், ஆய்வு நடக்க வேண்டும். "கார்ப்பரேஷன்ல சொல்லிட்டோம் சார்" என்று மேஸ்திரி சொன்னால் அது அனுமதி ஆகாது. உத்தரவு நகலைக் கேளுங்கள்.

தனியார் மனைக்குள் நிற்கும் மரத்துக்குச் சட்டப் பாதுகாப்பு மெலிந்தது. கர்நாடகத்துக்கு 1976ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. டெல்லிக்கு 1994ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. மகாராஷ்டிர நகரங்களுக்கு 1975இலேயே வந்துவிட்டது. தமிழ்நாட்டில் சமவெளி நகரங்களுக்கு அப்படி ஒரு தனிச்சட்டம் இல்லை. மலைப்பகுதிகளுக்கு மட்டும் 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. நீலகிரியிலோ கொடைக்கானலிலோ இருப்பவர் நேராக வனத்துறையிடம் போகலாம். சந்தன மரம் பட்டா நிலத்தில் நின்றாலும் வனத்துறை அனுமதி இல்லாமல் தொடக்கூடாது. பனை மரத்துக்கு ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அரசு அறிவித்தது. புறநகர் மனைகளில் பனை சர்வசாதாரணம் என்பதால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மரத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் என்று 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்ன செய்தியைப் பார்த்திருப்பீர்கள். அது தாஜ்மகாலைச் சுற்றிய பாதுகாப்பு மண்டலத்தில், மதுரா அருகே 454 மரங்களை வெட்டிய வழக்கு. அதை அப்படியே பக்கத்து வீட்டு ஓனரிடம் காட்டினால் அவருடைய வக்கீல் சிரிப்பார்.

4. வரைபடத்தைப் பாருங்கள்

கட்டுமான மனையின் முன்னால் அனுமதி எண், மாடிகள், யார் அனுமதித்தது என்ற விவரப் பலகை வைத்திருக்க வேண்டும். முதலில் அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் எட்டு வீட்டுக்கு மேல் கட்டுவதாக இருந்தால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், அதாவது எல்லோரும் ரெரா என்று சொல்கிற இடத்தில், பதிவு செய்தாக வேண்டும். ரெரா இணையதளத்தில் அந்தத் திட்டத்தைத் தேடினால் அனுமதி பெற்ற வரைபடத்தையே பார்க்கலாம். ஃபிளாட் வாங்குபவர்களுக்காக வைத்த வசதி, பக்கத்து வீட்டுக்காரருக்கும் உதவுகிறது.

சின்ன மனை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம்தான் வழி. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, உள்ளாட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். ஆன்லைனிலும் போடலாம். பதிலுக்கு 30 நாள். கேள்வியைச் சுருக்கமாக, ஆவணம் கேட்கும் விதமாக எழுதுங்கள். "ஏன் அனுமதித்தீர்கள்?" என்று கேட்டால் பதில் வராது. "இந்த முகவரிக்கு வழங்கிய திட்ட அனுமதி, மனை வரைபடம், மழைநீர் சேகரிப்பு வரைபடம் ஆகியவற்றின் நகல்" என்று கேட்டால் மறுப்பது கடினம்.

வரைபடம் கையில் வந்ததும் கட்டடத்தைப் பார்க்காதீர்கள். கட்டடத்துக்கும் காம்பவுண்டுக்கும் இடையில் இருக்கும் பட்டையைப் பாருங்கள். மரங்கள் பெரும்பாலும் அங்கேதான் நிற்கின்றன, எல்லையை ஒட்டி. அந்தப் பட்டையில் என்ன போட்டிருக்கிறார்கள்? தண்ணீர் சம்ப், செப்டிக் டேங்க், மின்பெட்டி, ஜெனரேட்டர், கார் சுற்றிவரும் வழி, வாட்ச்மேன் அறை. மரத்தைக் கொல்வது இவைதான், மாடி அல்ல. சம்ப்பை வரைந்த டிராஃப்ட்ஸ்மேனுக்கு அந்த மூலையில் முப்பது வயது வேம்பு நிற்பது தெரியவே தெரியாது. அவர் கையில் இருந்தது எல்லை அளவு மட்டும்தான்.

5. யாரிடம், என்ன கேட்பது?

பழைய ஓனர் கூட்டு ஒப்பந்தத்தில் தன் பங்குக்கு இரண்டு ஃபிளாட் எடுத்துக்கொண்டு அங்கேயே வரப்போகிறவராக இருந்தால் அவரிடமே தொடங்குங்கள். அந்த மாமரத்தை வைத்தது அவருடைய அப்பாவாக இருக்கலாம். பில்டரை விட அவருக்கு அதில் மனசு இருக்கும், பில்டரிடம் அவர் சொல் செல்லும். ஓனர் முழுதாக விற்றுவிட்டுப் போய்விட்டார் என்றால் பில்டரின் சைட் இன்ஜினியர். மேஸ்திரியிடம் சண்டை போட்டுப் பயனில்லை. சொன்னதைச் செய்வது அவர் வேலை.

தனியாகப் போகாமல் தெருவில் மூன்று நான்கு வீட்டாரோடு போங்கள். பத்துப் பேர் போனால் கும்பலாகிவிடும்.

"மரத்தை வெட்டாதீங்க சார்" என்றால் "பார்க்கிறோம் சார்" என்று பதில் வரும், அத்தோடு முடிந்தது. வரைபடத்தில் விரல் வைத்துக் கேளுங்கள். "சம்ப்பை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு மாத்தினா வேம்பு நிக்கும், பைப் இருபதடி கூடும், அவ்வளவுதானே?" என்று கேட்டால் இன்ஜினியர் தலையைச் சொறிந்துகொண்டாவது யோசிப்பார். இப்படி நகர்த்தக்கூடியவை எப்போதும் சில இருக்கும். கேட்டை நான்கடி தள்ளினால் தெருமரம் பிழைக்கும். காம்பவுண்டுச் சுவருக்குத் தொடர் அஸ்திவாரம் தோண்டாமல், தூண் நிறுத்தி மேலே பீம் போட்டால் வேர் அடியில் போய்விடும். போர் போடும் வண்டி உள்ளே வர வழி இல்லை என்பதற்காகவே மரத்தை எடுக்கிறார்கள் என்றால், வீடு இடிந்த பக்கமாக வண்டியை விடலாமே என்று கேட்கலாம்.

எல்லா மரத்துக்கும் போராடாதீர்கள். கட்டடம் நிற்கும் இடத்தின் நட்டநடுவில் இருக்கும் மரம் போகத்தான் போகிறது. ஓரத்தில் நிற்கும் இரண்டைக் குறிவைத்துக் கேட்டால் ஒன்றாவது நிற்கும். வாஸ்து சொல்லி வெட்டுகிறவர்களிடம் வாஸ்துவையே எதிர்த்துப் பேச வேண்டாம். அவர்களுடைய ஜோசியரே வேம்புக்கு ஒரு நல்ல திசை சொல்லுவார்.

இடமாற்றம் பற்றியும் கேளுங்கள், ஆனால் மயங்காதீர்கள். தென்னை போன்ற பனை இனங்களும் அரசு, ஆல், அத்தி வகைகளும் பெயர்த்து நட்டால் பிழைக்க வாய்ப்பு அதிகம். பூவரசு கிளையை வெட்டி நட்டாலே வரும். வயதான மாவும் வேம்பும் அப்படி இல்லை. எந்த மரமானாலும் வேரைச் சில வாரம் முன்பே சுற்றிக் கத்தரித்து, மண்கட்டியோடு எடுத்து, புது இடத்தில் மாதக்கணக்கில் தண்ணீர் விட வேண்டும். "நாளைக்கே கிரேன் வெச்சு எடுத்திடறோம்" என்றால் அது இடமாற்றம் இல்லை, வெட்டுவதற்கு இன்னொரு வழி.

6. மண்ணைக் கேளுங்கள்

ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி, சுமார் 223 சதுர மீட்டர். அதில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 22,300 லிட்டர். சென்னையில் ஐப்பசி, கார்த்திகையில் அப்படிப் பெய்வது அபூர்வமில்லை. ஆண்டுக்குச் சுமார் 140 சென்டிமீட்டர் மழை என்று கணக்கு வைத்தால் மூன்று லட்சம் லிட்டருக்கு மேல். கோடையில் 12,000 லிட்டர் லாரி கூப்பிடுகிறோமே, அதில் இருபத்தாறு லாரி. மண் திறந்திருந்தால் இதில் ஒரு பங்கு உள்ளே இறங்கும். மூடினால் அத்தனையும் தெருவுக்கு வரும், தெருவில் தாழ்வான வீடு உங்களுடையது என்றால் உங்கள் வாசலுக்கு வரும். 2015 டிசம்பரில் நீரில் மிதந்த அதே ஊர் 2019 ஜூனில் குடத்தோடு வரிசையில் நின்றது.

கட்டட விதிகளில் இதற்குப் பிடிமானம் இருக்கிறது. மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம். 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளிலும் அது தொடர்கிறது. மொட்டை மாடி நீரைக் குழாய் வழியாகக் கிணற்றுக்கோ குழிக்கோ விடுவதை எல்லோரும் செய்கிறார்கள், குறைந்தபட்சம் வரைபடத்தில். தரையில் விழும் நீரை மறந்துவிடுகிறார்கள். மனையின் நீர் தெருவுக்கு ஓடாமல் இருக்க கேட்டின் குறுக்கே குறைந்தது 7.5 சென்டிமீட்டர் உயரத்துக்குச் சின்னத் திண்டு கட்ட வேண்டும் என்பது சென்னை விதிகளில் நெடுநாளாக இருந்துவரும் வாசகம். கார் ஏறி இறங்க இடைஞ்சல் என்று பலர் கட்டுவதில்லை. அதற்குப் பதில் கேட்டின் குறுக்கே கம்பிவலை போட்ட கால்வாய் அமைத்து அதை உறிஞ்சு குழிக்கு இணைத்தாலும் வேலை நடக்கும்.

பேவர் பிளாக் போட்டால் தண்ணீர் இறங்கும் என்பார்கள். இறங்கலாம், அடியில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து. கல் பதிக்கும் நாளில் போய் நின்று பாருங்கள். ஜல்லி பரப்பி, மேலே மணல் போட்டுக் கல்லை அடுக்கினால் இடுக்கு வழியாக நீர் போகும். அடியில் சிமென்ட் கான்கிரீட் போட்டுவிட்டு அதன்மேல் கல் பதித்தால் அது டைல்ஸ்தான், பெயர்தான் பேவர். கிரஷர் டஸ்ட்டைக் கெட்டியாக இறுக்கிவிட்டாலும் சில மாதத்தில் இடுக்கு அடைத்துக்கொள்ளும். கார் ஓடாத பக்கச் சந்தில் கல்லே தேவையில்லை. அங்கே இரண்டடி அகலத்துக்கு மண் பட்டை விட்டாலே போதும் என்று கேளுங்கள். பில்டருக்கு அதில் செலவு மிச்சம். இந்த ஒரு கோரிக்கைக்கு அதிகம் தலையாட்டியிருக்கிறார்கள், காரணம் அதுதான்.

தரைமட்டத்தையும் விட்டுவிடாதீர்கள். புதுக் கட்டடம் வரும்போது மனையை இரண்டடி மூன்றடி மண்கொட்டி உயர்த்துவார்கள். வெள்ளத்துக்குப் பயந்து செய்வது, குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த மேட்டிலிருந்து வழியும் நீர் உங்கள் பக்கம் வரக்கூடாது. சரிவு அவர்கள் உறிஞ்சு குழியை நோக்கி இருக்கிறதா என்று கேளுங்கள். நிற்கவிட்ட மரத்தின் அடியிலும் அந்த மண்ணைக் கொட்டினால் மரம் மூச்சுத் திணறும். தண்டு விரிந்து வேராகும் இடம் வெளியே தெரிந்துகொண்டே இருக்க வேண்டும்.

7. கட்டும் காலத்தில்

வெட்டாமல் விட்ட மரம் கட்டி முடிப்பதற்குள் செத்துப்போவது சகஜம். உணவும் நீரும் எடுக்கும் வேர்கள் பெரும்பாலும் தரைக்கு இரண்டடி ஆழத்துக்குள்ளேயே, கிளை நிழலையும் தாண்டிப் படர்ந்திருக்கும். அந்த இடத்தில் செங்கல் லோடு இறக்குகிறார்கள், கலவை இயந்திரத்தைக் கழுவி ஊற்றுகிறார்கள். சிமென்ட் நீர் கடுமையான காரம், வேரைப் பொசுக்கும். மரத்தைச் சுற்றி, முடிந்தால் கிளை நிழலின் ஓரம் வரை, நாலு கம்பு நட்டுப் பச்சைத் துணி கட்டிவிடச் சொல்லுங்கள். அஸ்திவாரம் தோண்டும்போது குறுக்கே தடித்த வேர் வந்தால் ஜேசிபியால் பிய்க்காமல் ரம்பத்தால் சீராக அறுக்கச் சொல்லுங்கள். ஒரே பக்கத்து வேர் முழுவதும் போய்விட்டால் அந்த மரம் அடுத்த புயலில் உங்கள் வீட்டின் மேல்தான் விழும். அதைச் சொல்லவும் தயங்காதீர்கள். 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் சென்னை இழந்த மரங்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பெருங்கொன்றை, மயிற்கொன்றை, தூங்குமூஞ்சி எல்லாம் வேரோடு சாய்ந்து கிடந்த தெருக்களில், நடைபாதைக் கான்கிரீட் பாளம் பாளமாக வேரோடு பெயர்ந்து வந்திருந்தது.

இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை சத்தமான வேலை கூடாது. தூசுக்குத் திரை கட்ட வேண்டும். இவற்றுக்குப் புகார் கொடுக்கலாம். ஆனால் தினமும் எல்லாவற்றுக்கும் புகார் கொடுத்துக்கொண்டிருந்தால் மண் பட்டை பற்றிக் கேட்கும் நாளில் கதவு மூடியிருக்கும்.

8. ரம்பம் வந்துவிட்டால்

பெரும்பாலும் ஞாயிறு அல்லது விடுமுறை நாள் காலையில் வரும். அலுவலகம் பூட்டியிருக்கும் என்று தெரிந்தே வருவார்கள்.

தெரு மரம் என்றால் உடனே அனுமதி நகல் கேளுங்கள், வீடியோ எடுங்கள். சென்னையில் 1913க்கு அழைத்துப் புகார் எண் வாங்குங்கள். மண்டலப் பூங்காத் துறை அலுவலர், வார்டு கவுன்சிலர், காவல் நிலையம் மூன்று இடத்துக்கும் தகவல் சொல்லுங்கள். அனுமதியில்லாமல் தெரு மரத்தை வெட்டுவது பொதுச் சொத்தைச் சேதப்படுத்துவது. 1992ஆம் ஆண்டின் தமிழ்நாடு சொத்துச் சேதத் தடுப்புச் சட்டத்தைப் புகாரில் குறிப்பிடலாம். மரத்தடியில் போய் நின்று மறிக்காதீர்கள், கிளை விழும். வெட்டுகிற கூலித் தொழிலாளியிடம் கத்தவும் வேண்டாம்.

அன்றே ஒரு கடிதமும் எழுதிவிடுங்கள். இப்படி இருக்கலாம்:

"பெறுநர்: மண்டல அலுவலர் அவர்கள். ஐயா, ____ தெரு, கதவு எண் ____ எதிரே நடைபாதையில் நின்ற புங்க மரம் (சுற்றளவு சுமார் 140 செ.மீ., படம் இணைப்பு) இன்று காலை 7 மணி முதல் வெட்டப்பட்டு வருகிறது. அனுமதி உத்தரவு கேட்டும் காட்டப்படவில்லை. புகார் எண் ____. உடனடியாக நிறுத்தி ஆய்வு செய்யவும், மாவட்டப் பசுமைக் குழு அனுமதி பெறப்பட்டதா என்று எழுத்துமூலம் தெரிவிக்கவும், மீதமுள்ள இரண்டு மரங்களுக்குப் பாதுகாப்பு வழங்கவும் கேட்டுக்கொள்கிறோம்."

நகல் ஆட்சியருக்கும் மாவட்ட வன அலுவலருக்கும். நேரில் கொடுத்தால் இன்னொரு பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள், இல்லையென்றால் ஸ்பீட் போஸ்ட். கடைசி வரி முக்கியம். விழுந்த மரத்துக்காக எழுதும் கடிதம் நிற்கும் மரத்துக்குத்தான் பயன்படும்.

சென்னையில் 'நிழல்' என்ற அமைப்பைப் போன்றவர்கள் மரக் கணக்கெடுப்பு, மரத்தில் அடித்த ஆணியைப் பிடுங்குதல், மரப் பராமரிப்பு என்று பல வருடமாக வேலை செய்கிறார்கள். இந்த அலுவலகப் பாதைகள் அவர்களுக்குத் தெரியும், முதல் முறை இறங்குகிறவர்கள் கேட்டுக்கொள்ளலாம்.

9. திட்டம் பெரிது என்றால்

கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தாண்டினால் 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் முன் அனுமதி வேண்டும். கட்டடத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் கிடையாது, அதனால் உங்களைத் தேடி யாரும் வர மாட்டார்கள். ஆனால் விண்ணப்பமும் அனுமதிக் கடிதமும் மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் கிடைக்கும். அந்தக் கடிதத்தின் பின்பகுதியில் நிபந்தனைகள் வரிசையாக இருக்கும். எத்தனை மரம், எவ்வளவு பசுமைப் பரப்பு, மழைநீர் எங்கே போக வேண்டும் என்று. நிபந்தனைக்கும் நேரில் நடப்பதற்கும் இடையிலான வித்தியாசம்தான் உங்கள் வழக்கு.

தென் மண்டலத்துக்கான தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சென்னையிலேயே இருக்கிறது. சுற்றுச்சூழல் பிரச்சினைக்கான மனுவைக் காரணம் எழுந்த ஆறு மாதத்துக்குள் போட வேண்டும், தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாள். வழங்கிய அனுமதியையே எதிர்ப்பதானால் 30 நாள்தான். நஷ்டஈடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் ஆயிரம் ரூபாய். தனி வீட்டு வேம்புக்காக அங்கே போனால் பலன் இருக்காது. ஏரிக்கரை, ஓடை, பெரிய வளாகம் என்றால் போகலாம்.

3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைக்கு இன்னொன்றும் பாருங்கள். பத்து சதவீத நிலத்தைத் திறந்தவெளிக்கு ஒதுக்க வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரை நிலத்துக்குப் பதில் வழிகாட்டி மதிப்பைப் பணமாகக் கட்டிவிட வழி இருக்கிறது, அதற்கு மேல் நிலமாகவே கொடுத்தாக வேண்டும். கொடுத்த நிலம் எங்கே என்று தகவல் உரிமையில் கேளுங்கள். சில ஊர்களில் அது காய்கறி வண்டி நிறுத்தும் இடமாக இருக்கும்.

10. குடிவந்த பிறகு

ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று என்று எழுதிக்கொடுப்பார்கள். எங்கே, எந்த இனம், யார் தண்ணீர் விடுவது என்ற மூன்றும் எழுத்தில் இல்லாவிட்டால் அந்தப் பத்தும் நர்சரி பில்லோடு முடிந்துவிடும். ஐந்தடிச் சந்தில் தூங்குமூஞ்சியை வைத்தால் நாலு வருடத்தில் அவர்களே வெட்டுவார்கள். அங்கே பவழமல்லி போன்ற சிறு மரமே சரி. தெருவோரத்துக்குப் புங்கன், மகிழம், பூவரசு நன்றாக வரும்.

புதுக் குடியிருப்பின் சங்கம் அமைந்ததும் அதன் செயலாளரைப் போய்ப் பாருங்கள். பில்டர் போய்விட்டார், இனி முடிவெடுப்பது இவர்கள்தான். ஃபிளாட்காரர்களில் பலருக்கு உறிஞ்சு குழி எங்கே இருக்கிறது என்றே தெரியாது. ரெராவில் எடுத்த வரைபட நகலை அவர்களிடம் கொடுங்கள். ஆவணி, புரட்டாசியில் குழி மூடியைத் திறந்து மேல் மணலை அள்ளிக் கழுவிப் போட வேண்டும், இல்லையென்றால் வண்டல் அடைத்து வடகிழக்குப் பருவமழையில் அது வெறும் தொட்டியாக நிற்கும்.

உங்கள் வீட்டு முன்பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள். தெரு மரத்தின் கழுத்துவரை சிமென்ட் பூசி டைல்ஸ் திண்டு கட்டியிருந்தால் அந்தச் செயலாளர் அதைத்தான் முதலில் காட்டுவார். டெல்லியில் மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை எடுக்கச் சொல்லி 2013இல் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. உங்கள் வாசலில் அதற்கு உத்தரவு எதுவும் தேவையில்லை. ஒரு கொத்தனாரும் அரை நாள் கூலியும் போதும். உடைக்கும்போது வேரில் உளி படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.